வற்றிய அணைக்குள் ஒரு சமமான ரோடு

நீலகிரிக்காரர்களிடம் சமமான ரோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு இடம் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் அது ஏற்றமாக இருக்கும். அவர்கள் பொய் சொல்வதில்லை. கண் அப்படிப் பழகிவிட்டது. மூச்சு வாங்காமல் நடக்க முடிந்தால் போதும், இங்கே அது சமம்தான். உங்கள் அம்மாவுக்கு முட்டி உடைந்த பிறகுதான் எனக்கே இது தெரிந்தது.

உங்களில் பெரியவளுக்குப் பாதிக் கதை தெரியும். சின்னவனுக்கு எலுமிச்சம்பழத்தைத் துரத்தியது மட்டும் ஞாபகம் இருக்கலாம். அம்மா தானாக இதையெல்லாம் உட்கார்ந்து சொல்கிற ஆள் இல்லை. நான் பத்தாவதோடு நின்றவன். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் அம்மா விழுந்தாள். தேயிலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசைக்கு நடுவே இறங்கும்போது கால் வழுக்கி, வலது முட்டி கல்லில் பட்டது. முட்டிச் சில்லு இரண்டாக உடைந்துபோனது. கோயமுத்தூரில் கம்பி வைத்துத் தைத்தார்கள். மாவுக்கட்டைப் பிரித்த அன்று அந்தக் காலைப் பார்த்தேன். தொடை மெலிந்து, முட்டி வீங்கி, விறகுக் கட்டை மாதிரி நேராக நின்றது. மடக்கச் சொன்னார்கள். கொஞ்சம்கூட மடங்கவில்லை.

நாங்கள் இருந்த லைன் வீடு எஸ்டேட் வீடு. நான் எமரால்டு பஜாரில் மளிகைக் கடையில் நிற்கிறவன், எனக்கும் எஸ்டேட்டுக்கும் ஒன்றும் இல்லை. வீடு அம்மாவின் வேலைக்காகக் கொடுத்தது. அவள் இலை பறிக்கப் போனால் வீடு உண்டு, போகாவிட்டால் இல்லை. ஆபீசில் இருந்தவர் நல்ல மனுஷன், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"மெடிக்கல் லீவு ஆடி முடியற வரைக்கும் தருவாங்க. அதுக்குள்ள மலை ஏறி இறங்கிக் காட்டணும். இல்லீன்னா ஊடு வேற ஆளுக்குப் போயிரும். நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

உங்கள் மாமா கீழே சமவெளியில், அன்னூரில் இருக்கிறார். வீடு போனால் அங்கேதான் போக வேண்டும், எமரால்டில் எங்கள் கைக்கு எட்டுகிற வாடகைக்கு வீடு கிடைக்காது. பெரியவள் அப்போது பிளஸ் ஒன். அடுத்த வருஷம் பரீட்சையை இதே பள்ளிக்கூடத்தில் எழுத வேண்டும் என்று அம்மா சாமிக்கு நேர்ந்திருந்தாள். பெரியவள் பிறந்ததும் இதே லைனில்தான். ஆக, வீடு நிலைக்குமா போகுமா என்பது அந்த ஒரு முட்டி மடங்குவதில் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது நாலு பேரும் அந்தக் காலைப் பார்த்தபடிதான் சாப்பிட்டோம்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த பெண் கீழ்நாட்டுக்காரி, சமவெளியில் இருந்து வந்தவள், சின்ன வயசு. அவள்தான் சைக்கிள் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, முட்டி மடங்கவும் வேணும், தொடைக்கு பலமும் வேணும். ரெண்டுக்கும் சைக்கிள் மாதிரி ஒண்ணு கிடையாது. ஏத்தத்துல மிதிக்கக் கூடாது, தச்ச இடம் தாங்காது. இறக்கத்துல போனா கால் சும்மாதான் இருக்கும், பிரயோஜனம் இல்ல. சமமான ரோட்டுல, வண்டி வராத இடமா பாத்து தினம் கொஞ்ச நேரம் ஓட்டுங்க."

அம்மா சிரித்துவிட்டாள். "ஏன் கண்ணு, நீ ஊட்டிக்கு வந்து எத்தன நாளாச்சு?"

"ஏங்க்கா?"

"சமமா ரோடு இருந்தா நானே போய் அதுல படுத்துக்குவனே."

அதற்கு மேல் இன்னொரு விஷயம். அம்மாவுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. லைனில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. மலையில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? பையன்கள் தள்ளிக்கொண்டே மேலே போய், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே கீழே வருவார்கள். அதுதான் எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுவது. பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கும். முக்கால்வாசிச் சைக்கிள்கள் அந்த மாதமே பஸ் கூரை ஏறி மேட்டுப்பாளையம், காரமடையில் இருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடும். பெரியவளுக்கு வந்த சைக்கிளையும் மாமா வீட்டுக்கு அனுப்பலாம் என்றுதான் விறகுக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தோம். கேரியரில் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

முதலில் லைன் வாசலிலேயே ஸ்டாண்டு போட்டு அம்மாவை ஏற்றி உட்கார வைத்தோம். பெடல் மேலே வரும்போது முட்டி மடங்க வேண்டும், அங்கே வந்ததும் நின்றுவிடும். பாதிச் சுற்று முன்னால், பாதிச் சுற்று பின்னால், தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். அடுத்த வீட்டு அக்கா துணி காயப்போட வந்து நின்று பார்ப்பார்.

"ஏன் புள்ள, எந்த ஊருக்குக் கெளம்பிட்ட?"

"மைசூருக்குங்க்கா. பொழுதோட வந்துருவன்."

"வரப்போ ஒரு சீப்பு ரஸ்தாளி வாங்கியா."

ஒரு நாள் பின்பக்கமாக மிதித்தபோது பெடல் முழுசாகச் சுற்றி வந்துவிட்டது. முன்பக்கமாகச் சுற்ற இன்னும் ஒரு வாரம் ஆனது. அன்று அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலியால்தான் என்றாள். ஆனால் ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதும் சரிதான். சக்கரம் காற்றில் சுற்றினால் முட்டிதான் மடங்கும், தொடைக்குப் பலம் வராது. தரையில் ஓட்டியே ஆக வேண்டும்.

அப்போதுதான் ரோடு தேடினேன். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கேட்டேன். பிக்கட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து ரோடு நல்ல சமம் என்றார் ஒரு கேரட் விவசாயி. ஊட்டி மார்க்கெட்டில் இருந்து எங்கள் கடைக்குச் சரக்கு கொண்டு வருகிற பாய், அவருடைய பிக்கப்பில் சைக்கிளையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். ரோடு பார்க்கச் சமமாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தேகம். கடையில் இருந்து எடுத்து வந்த எலுமிச்சம்பழம் ஒன்றை ரோட்டில் வைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உருள ஆரம்பித்தது. சின்னவன் பின்னாலேயே ஓடினான். வளைவில் திரும்பி, தேயிலைக்குள் போய் விழுந்துவிட்டது.

பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணே, விவசாயிக்குத் தெரியாதது பழத்துக்குத் தெரியுது பாருங்க."

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நடுவட்டத்துக்குச் சரக்குப் போடப் போகும்போது கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பேக்டரி ரோடு. பழம் அங்கேயும் நிற்கவில்லை. எமரால்டிலேயே பஸ் போகிற ரோட்டில் ஒரு துண்டு பரவாயில்லாமல் இருந்தது. விடிந்ததும் விடியாததுமாக அங்கே கொண்டு போய் ஏற்றினேன். பத்தடி போவதற்குள் சுற்றுலா வேன் ஒன்று மூடுபனிக்குள் இருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அம்மா நல்ல காலை ஊன்றிக்கொண்டாள், விழவில்லை. இறங்கி, ஹாண்டிலை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"வேண்டாமுங்க. இன்னொரு காலையும் ஒடச்சுக்க எனக்குத் தெம்பில்ல" என்றாள்.

பங்குனி கடைசியில் பாய் ஒரு சேதி சொன்னார். மிளகாய் மூட்டையை இறக்கிக்கொண்டே, "அண்ணே, நம்ம எமரால்டு அணையில தண்ணி எறங்கிருச்சு. அடியில பழைய ரோடு ஒண்ணு தெரியுது. நேத்து ஆடு மேய்க்கறவங்க அதுலதான் போனாங்க. அங்கயும் பழம் உருண்டா நான் மீசையை எடுத்துக்கறேன்" என்றார்.

அவருக்கு மீசையே கிடையாது.

அணை கட்டுவதற்கு முன்னால் பள்ளத்தாக்கின் அடியில் ஓடிய ரோடு அது. கோடை நன்றாகக் காய்ந்த வருஷத்தில் மட்டும் வெளியே வரும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையில் இறங்கினோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்னால் வைத்து மற்றக் காலை அதோடு சேர்த்து, குழந்தை மாதிரி இறங்கினாள். கீழே போய் நின்றோம். சுற்றிலும் வெடித்த சேறு, சாம்பல் நிறத்தில் கண்ணுக்கு எட்டிய வரை மட்டமாகக் கிடந்தது. எப்போதோ வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் கறுத்துப்போய் வரிசை வரிசையாக நின்றன. தூரத்தில் மிச்சத் தண்ணீர், ஈயப் பாத்திரத்தின் நிறம். நடுவில் அந்த ரோடு. கப்பிக்கல் பரப்பி, இரண்டு ஓரமும் கல் அடுக்கி, நீளமாகப் போனது. பழத்தை வைத்தேன். வைத்த இடத்திலேயே நின்றது. பாய் சொன்னது நிஜம்தான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இடம் அப்படி. ஒரு வண்டிச் சத்தம் இல்லை, ஒரு மரத்தின் அசைவு இல்லை. நாம் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறோம் என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது.

பெரியவள்தான் பேசினாள். "அப்பா, புவியியல் புக்குல கழிமுகம்னு ஒரு படம் இருக்கு. ஆறு கடலுக்குப் போற எடம். இதே மாதிரிதான் இருக்கும், ஒரே சேறு. தண்ணி வரும், போகும்."

"எப்ப வரும்?" என்றான் சின்னவன்.

புத்தகத்தில் கடல் தண்ணீருக்கு மட்டும்தான் நேரம் போட்டிருந்ததாம்.

அன்றிலிருந்து காலையில் கடை திறப்பதற்கு முன்னால் தினமும் போனோம். ஆஸ்பத்திரிப் பெண் சீட்டை உயரமாக வைத்துத் தொடங்கச் சொல்லியிருந்தாள். சீட் உயரமாக இருந்தால் முட்டி குறைவாக மடங்கினால் போதும். பழகப் பழக ஸ்பேனரால் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஆனால் சீட் உயரமாக இருந்தால் கால் தரையில் எட்டாது. அதனால் நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். லீவு நாளில் பெரியவள் ஹாண்டிலை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓடுவாள். குளிரில் எங்கள் மூச்சு புகையாக வரும். அம்மா மேலே உட்கார்ந்து அதட்டுவாள்.

"ஏனுங்க, புடிச்சிருக்கறீங்களா உட்டுட்டீங்களா?"

"புடிச்சிருக்கறன்."

"அப்பறம் ஏன் ஆடுது?"

"நீ ஆடற."

"நான் எங்க ஆடறன்? ரோடு ஆடுது."

சாயந்திரமானால் முட்டி வீங்கும். ஒத்தடம் கொடுப்பேன். சத்தமே போட மாட்டாள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து சைக்கிள் பக்கத்தில் நிற்பாள்.

சித்திரை பிறந்தபோது சீட் பாதி இறங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு மூச்சு முட்டி, கேரியரை விட்டுவிட்டு நின்றுவிட்டேன். சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. ரோடு ஒரு மண்மேட்டைச் சுற்றித் திரும்பும் இடத்தில் அம்மாவும் திரும்பி, மறைந்துபோனாள்.

நின்று பார்த்தோம். வரவில்லை. இரண்டு பக்கமும் சேறு. மேலே பொருக்கு காய்ந்திருந்தாலும் அடியில் இடுப்பளவு இளகிக் கிடக்கும் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். விழுந்தால் எழ அந்தக் கால் உதவாது. நான் ஓட ஆரம்பித்தேன். பாதித் தூரம் ஓடியபோது எதிரே வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூன் போட்டு, ஹாண்டிலை மாட்டுக் கொம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு முட்டியும் ஒரே மாதிரி ஏறி இறங்கின. என்னைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை. நிறுத்தத் தெரியாது அவளுக்கு.

"அக்கட்ட கடேசி வரைக்கும் போயிட்டங்க" என்று கத்திக்கொண்டே போனாள். "அங்க ஒண்ணுமே இல்ல!"

வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று. இருந்தாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மழை எப்போது பிடிக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மழைக்கு முன்னாலேயே தண்ணீர் வந்துவிட்டது. வைகாசி முதல் வாரம், ஒரு சொட்டு மழை இல்லை, வானம் சுத்தமாக இருந்தது. கரையில் போய் நின்றால் ரோட்டின் நடுத்துண்டைக் காணவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம் ரோடு, அந்தப் பக்கம் கொஞ்சம் ரோடு, இடையில் தண்ணீர். மேல் அணையில் இருந்து சுரங்கம் வழியாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று ஆடு மேய்க்கிறவர் சொன்னார். கரண்டுக்குத் தண்ணீர் அங்கிருந்து இங்கே வரும், இங்கிருந்து கீழே போகும். யாரிடம் போய் என்ன சொல்வது? அவர்கள் வேலை அது. மிச்சம் இருந்த துண்டில் அம்மா நாலு நாள் ஓட்டினாள். திருப்பிக்கொள்ள இடம் பற்றாமல் இறங்கி, சைக்கிளைத் திருப்பி வைத்து, மறுபடி ஏறுவாள். ஐந்தாம் நாள் அதுவும் போய்விட்டது. அலைகூட இல்லாமல், அங்கே ரோடே இருந்ததில்லை என்கிற மாதிரி தண்ணீர் கிடந்தது.

சீட் அதற்கு அப்புறம் இறங்கவில்லை.

பிறகு மழை. அந்த வருஷ மழை உங்களுக்கே தெரியும். காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துவிடுகிற மாதிரி அடித்தது. வாசலில் ஸ்டாண்டு போடவும் முடியவில்லை. அம்மா வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து பார்ப்பாள். ஈரத்தில் முட்டி இறுகியது. மடங்கியதில் பாதி திரும்பிப் போயிற்று. ஆடி பிறந்தபோது கடைத்தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் அம்மாவைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

எஸ்டேட்டில் கூப்பிட்ட அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கூடையைக் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சாக்கு சுற்றிக்கொண்டு, பழையபடி கிளம்பினாள். இலை பறிக்கிறவர்களை மேய்க்கிற மேஸ்திரி அவளோடு பல வருஷம் வேலை பார்த்தவர். இருப்பதில் சாய்வு குறைந்த ஒரு வரிசையைக் காட்டினார்.

"மேல வரைக்கும் போயிட்டு வந்துரு புள்ள. இலை பறிக்க வேண்டாம், சும்மா போயிட்டு வா. எழுதிக்கறன்."

அம்மா ஏறினாள். நான் கீழே ரோட்டில் நின்றேன். ஏறுவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நல்ல காலை முதலில் வைத்து, செடியைப் பிடித்து, ஒரே சீராக ஏறினாள். அந்தத் தொடைக்குப் பலம் வந்திருந்தது. மேலே போய்த் திரும்பி நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். மேஸ்திரி என் பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது.

பிறகு இறங்கக் காலை எடுத்தாள். எடுத்த காலை வைக்கவில்லை.

இறங்கும்போதுதான் மேலே நிற்கிற முட்டி முழுசாக மடங்கி, முழு உடம்பையும் தாங்க வேண்டும். ஏறும்போது அப்படி இல்லை. மலையில் பிறந்த எனக்கு அது அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது. அம்மா பக்கவாட்டில் திரும்பி இறங்கப் பார்த்தாள். பின்பக்கமாகத் திரும்பி இறங்கப் பார்த்தாள். செடியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வைத்தாள், கால் உதறியது, திரும்ப எடுத்துக்கொண்டாள். மழைத் தண்ணீர் அவள் காலடியில் சின்ன ஓடையாக எங்களை நோக்கி ஓடி வந்தது.

"எறங்கி வா புள்ள" என்று மேஸ்திரி சத்தம் போட்டார். "அவசரமில்ல, மெதுவா வா."

"வரனுங்க்ணா" என்றாள். "இங்கிருந்து பார்த்தா அணை நல்லாத் தெரியுது. அதான் பாத்துட்டு நிக்கறன்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. கையில் இருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, குடையை என்னிடம் நீட்டினார். "நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

நான் மேலே போனேன். பக்கத்தில் போன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது. அவள் இடது கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு செடியாகப் பிடித்து இறங்கினோம். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏனுங்க, எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல" என்றாள். "பிள்ளைககிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்குச் சொல்ல வராது."

அன்று சாயந்திரம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் நான் சொன்னேன். பெரியவள் பையைத் தோளில் இருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டு நின்றாள். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னவன் நம் வாசலில் கிடக்கிற நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விளக்கு வைத்த பிறகு அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள். அடுப்பு ஓரம் ஈரச் சாக்கை உலர்த்திக்கொண்டே பேசினாள். சேதியை இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டாள். அந்தப் பக்கம் மாமா என்னென்னவோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் "ம்" போட்டுவிட்டு, "சரியண்ணா, ஒரு வாடகை ஊடு பாரு. படி இல்லாத ஊடாப் பாரு" என்றாள்.

மாமா சத்தமாகப் பேசுகிறவர். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "இங்க எங்க புள்ள படி இருக்குது? எல்லாம் ஒரே மட்டம்தான். நீ வா."

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அரிசி களையப் போனாள்.